பம்பருக்குள் நாறியது

முதலில் நாற்றம் வந்தது. மஞ்சள் விளக்கு அதற்குப் பிறகுதான் எரிந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. காரில் ஏறிக் காற்றைத் திறந்தால் போதும், கூழ்முட்டையும் புளித்துப்போன ஏதோ ஒன்றும் கலந்த வாடை மூக்கில் வந்து குந்திக்கொள்ளும். நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிய நாட்களில் நான் உள்ளே நின்று போத்தல்களை மூடியிருக்கிறேன். ஆனால் ஆய்வுகூட நாற்றம் ஆய்வுகூடத்தோடு நின்றுவிடும். இது என் சேலையில் ஏறிக்கொண்டு என்னோடு வேலைக்கு வந்தது. பக்கத்து மேசைக்காரி ஒருநாள் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டதைப் பார்த்தேன். எனக்குக் கூசிப்போனது.

"கார் முட்டை நாத்தம் நாறுது," என்று கணவரிடம் சொன்னேன்.

"மீன்," என்றார் அவர், யோசிக்காமல். "போன கிழமை வாவி மீன் ஏத்திக்கொண்டு வந்தனல்லோ. தண்ணி ஒழுகியிரிக்கும்."

"மீன் நாத்தம் எனக்குத் தெரியாதா?"

"இது மீன்தான் புள்ள. நான்தான் கவனிக்காம விட்டிற்றன்."

அவர் தவறை இவ்வளவு இலேசாக ஒப்புக்கொள்கிறவர் அல்ல. வாவிக்கு மறுகரையான படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். உப்புக் கூடிப்போன ஆணத்தைப் பற்றிக்கூட அரை மணித்தியாலம் வாதாடுவார். அப்படிப்பட்டவர் அன்று நான் ஏசிய ஏச்சையெல்லாம் தலையைக் குனிந்து கேட்டார். பாய்களை எடுத்துக் கழுவினார், வெயிலில் போட்டார், காருக்குள் தேசிக்காய்ப் பாதிகளை வைத்தார். இனிக் காரில் மீன் ஏறாது என்று நான் போட்ட சட்டத்துக்கும் தலையாட்டினார். அப்போதே எனக்கு ஐமிச்சம் வந்திருக்க வேண்டும்.

பிறகு விளக்கு எரிந்தது. யப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த கார் அது. சொல்வதையெல்லாம் அந்த நாட்டு எழுத்தில்தான் சொல்லும். தொலைபேசியைப் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். முன்பக்க உணர்கருவி வேலை செய்யவில்லை, அதன் முகத்தைச் சுத்தம் செய்யவும் என்று வந்தது. முன்னால் போகிற வாகனம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்கிற கருவி அது. நெருங்கினால் சத்தம் போடும். நாம் கவனிக்காவிட்டால் தானே பிரேக் பிடிக்கும். காரின் முகப்பில், நடுவிலுள்ள சின்னத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சின்னத்தைத் துடைத்தேன், துணியை நனைத்துத் துடைத்தேன், சவர்க்காரம் போட்டுத் துடைத்தேன். விளக்கு அணையவில்லை.

மற்றவர்களுக்கு இது ஒரு விளக்கு. எனக்கு அது கார்ச் சாவி. ஏனென்று சொல்லிவிடுகிறேன். இதற்கு முந்திய காரை, ஒரு மாலைப்பொழுதில், வெள்ளாமை ஏற்றிப் போன உழவு மெசினின் இழுவைப் பெட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் இடித்தேன். அந்தப் பெட்டிக்கு வெளிச்சமும் இல்லை, சிவப்புத் துண்டும் இல்லை. தோள்மூட்டு விலகியது. அது சுகமாவதற்குள் என் கணவரும் அண்ணனும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று, நான் இல்லாதது போல என்னைப் பற்றிக் கதைத்து, ஒரு முடிவுக்கு வந்தார்கள். நான் கார் ஓடலாம், ஆனால் தானே நிற்கத் தெரிந்த காரைத்தான் ஓடவேண்டும். விளக்கில்லாத பெட்டியைத் தெருவில் விட்டவனைப் பற்றி ஒருவரும் முடிவெடுக்கவில்லை.

ஆகவே விளக்கு எரிந்த அன்று மாலையே கணவர் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டார். "சரி பண்ணும் வரைக்கும் பஸ்ஸில போ," என்றார். எங்கள் ஊர் தேற்றாத்தீவு. அங்கிருந்து வந்தாறுமூலைக்கு இரண்டு பஸ். முதல் பஸ்ஸில் என் முதுகோடு ஒட்டி நின்ற ஒருவன் வளைவே இல்லாத நேர்த்தெருவில் வளைவுக்குச் சாய்வது போலச் சாய்ந்துகொண்டே வந்தான். இரண்டாவது பஸ்ஸில் நடத்துநர் "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்று கையால் தள்ளினான். இருபது வயதில் இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்தேன். ஐம்பதை நெருங்கும்போது அதற்குப் பல் இல்லை. கார் வாங்கியதே இந்த அருவருப்பிலிருந்து தப்பத்தான்.

பட்டணத்தில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். ஓடியது கணவர், பக்கத்தில் நான். கராஜ்காரர் காரைச் சுற்றி வந்தார். மூடியைக்கூடத் திறக்கவில்லை. கேள்விகளை நான் கேட்டேன், பதில்களை என் கணவருக்குச் சொன்னார்.

"அது உள்ளுக்குப் போயிற்று அண்ணன். முழுசாத்தான் மாத்தோணும். கொழும்பிலருந்து வரோணும்."

"திறந்து பாக்காம எப்படித் தெரியும்?" என்றேன்.

"இதெல்லாம் திறக்கிற சாமான் இல்ல அண்ணன்," என்று அவர் என் கணவருக்கு விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "லைட்டுத்தானே பிரச்சின? அதை எரியாமப் பண்ணி விடுறன். ஒருத்தருக்கும் தெரியாது."

விளக்கை எரியாமல் பண்ணுவது! என் கணவர் அதற்கும் "யோசிச்சுச் சொல்லுறன்" என்று மரியாதையாகப் பதில் சொன்னார். அந்த ஆளின் விரலில் வெற்றிலைச் சுண்ணாம்பு இருந்தது. அதே விரலால் என் காரின் சின்னத்தைத் தட்டித் தட்டிக் கதைத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் நாற்றம் உள்ளே போயிருக்கும்.

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு நானே கழற்றுவதென்று முடிவெடுத்தேன். அதுவரை தொலைபேசியில் காணொளி பார்த்தேன். எங்கள் கார் போன்ற ஒரு காரை எங்கோ ஒரு குளிர் நாட்டில் கையுறை போட்ட ஒருவர் ஒரு சொல்லும் பேசாமல் கழற்றிக் காட்டினார். அவர் கராஜ் என் சமையலறையை விடச் சுத்தமாக இருந்தது. ஆய்வுகூடத்தில் நுண்கருவிகளைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கை எனக்கு. திருகாணி எங்கிருந்தாலும் திருகாணிதான். பத்தாம் இலக்கச் சொக்கெட், இரண்டு ஸ்குரூ டிரைவர், ஒரு குறடு, ஒரு பழைய பல்தூரிகை, மின் தொடுப்புகளைச் சுத்தம் செய்கிற ஸ்பிரே ஒன்று, கழற்றும் ஆணிகளைப் போட்டுவைக்க இட்டலித் தட்டு. அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் கணவர் பதறியது எனக்கு விசித்திரமாக இருந்தது.

"வேணாம். நீ பம்பரக் கழட்ட வெளிக்கிட்டா மறுகா பூட்டேலாது."

"பூட்டுவன்."

"அப்ப நான் கழட்டுறன். நீ தள்ளி நில்லு. நான் கழட்டிப் போட்டுக் கூப்பிடுறன்."

"நீங்க போன வரியம் குசினி மின்விசிறியக் கழட்டினீங்க. இன்னும் அது பெட்டிக்குள்ளதான் கிடக்கு."

போயா அன்று விடியவே எழுந்து, நான் தேத்தண்ணி குடித்து முடிக்க முன், கார் மூடியைத் திறந்து குனிந்து நின்றார். முகப்புக்குப் பின்னாலுள்ள இடுக்கில் கையை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். எலி ஏதும் கூடு வைத்திருக்கிறதா என்று பார்த்தாராம். கை மேல் பக்கத்தைத் தாண்டிக் கீழே இறங்கவில்லை. சிராய்ப்போடு வெளியே எடுத்தார். அவரைத் தள்ளிவிட்டு நான் வேலையில் இறங்கினேன்.

மின்கலத்தின் மறைமுனைத் தொடுப்பை முதலில் கழற்றினேன். அதைச் செய்யாமல் கருவியில் கை வைக்கக்கூடாது. பிறகு மேல் மூடியின் பிளாஸ்ரிக் கிளிப்புகள். நடுவிலுள்ள பொத்தானை நெம்பினால் அவை தூக்கிக் கொடுக்கும். முக்காவாசி ஒழுங்காக வந்தன, மிச்சம் வெயிலில் காய்ந்து என் கையிலேயே உடைந்தன. சில்லு மறைப்புக்குள் இரண்டு பக்கமும் திருகாணிகள். கீழே இன்னும் சில. கீழே உள்ளவற்றுக்காகப் பழைய பாயை விரித்து மல்லாந்து படுத்தேன். எங்கள் தெருவின் சேறு, செத்த பூச்சி, காய்ந்த சாணம் எல்லாம் அங்கே அப்பியிருந்தன. ஆணியைத் திருகத் திருக அவை என் கழுத்துக்குள் உதிர்ந்தன. மேலே இருந்து வேறு ஏதோ ஒன்று சொட்டியது. பிசுபிசுப்பாக, மஞ்சளாக. துடைத்து மணந்து பார்த்தேன். மணந்தது என் பிழை. எழுந்து ஓடிப்போய்க் கிணற்றடியில் ஓங்காளித்தேன்.

"இது மீன் இல்ல," என்று அங்கிருந்தே கத்தினேன்.

கணவர் மாமரத்துக்குக் கீழே நின்று மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பம்பரை ஒரு பக்கத்தில் நான் பிடிக்க, மறுபக்கம் அவர் பிடிக்க, இழுத்தோம். கிளிப்புகள் படபடவென்று கழன்றன. பம்பர் வெளியே வந்தது. நாற்றம் அதற்கு முன்னாலே வந்தது. உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி ஒன்று நடுவில் தாங்கியில் இருந்தது. அதுதான் கருவி. அதன் முகத்துக்கு நேரே, சின்னத்துக்கும் அதற்கும் நடுவிலுள்ள இடைவெளியில், ஒரு சிவப்புத் துணிப் பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது.

சிவப்பு என்று சொன்னது பழக்கத்தில். அது கறுத்து, ஈரமாகி, எறும்பு மொய்த்துக் கிடந்தது. மேல் தாங்கியில் கட்டிய நூல் இற்று, ஒற்றை இழையில் கீழே இறங்கியிருந்தது. குறடால் பிடித்து இழுத்தேன். துணி பிரிந்து இட்டலித் தட்டிலேயே விழுந்தது. உள்ளே ஒரு தேசிக்காய், தோல் மட்டும் மிச்சமாய் வழுவழுத்துப்போய். நூல் சுற்றிய ஒரு முட்டை, வெடித்து, அதன் உள்ளடக்கம் வெளியே வந்து, அதில் வெள்ளைப் புழுக்கள். செத்தல் மிளகாய்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், கோடு கீறிய ஒரு செப்புத்தகடு.

நான் என்ன உணர்ந்தேன் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அருவருப்பு. புழுவைப் பார்த்து வந்தது கொஞ்சம். இதை என் மூக்குக்கு நேரே கட்டிவைத்து, நான் இதைச் சுவாசித்துக்கொண்டே வேலைக்குப் போய்வரப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் யாரோ, அவரை நினைத்து வந்தது அதிகம். செப்புத்தகட்டைப் பார்த்ததும் மற்றதும் விளங்கியது. அந்தக் கருவி அலைகளை அனுப்பி, பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரம் பார்க்கிறது. சின்னத்தின் பிளாஸ்ரிக்கை அலை ஊடுருவும். செம்பை ஊடுருவாது. நூல் இற்றுத் தகடு முகத்துக்கு நேரே இறங்கிய அன்றுதான் மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது.

எனக்கு முதலில் அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே அம்மா என்னோடுதான் இருக்கிறார். வீட்டுக்குக் கண்ணூறு கழிப்பது, செய்வினைக்குக் கழிப்புக் கழிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தட்டைக் கையெட்டிய தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் போய் நின்றேன்.

"அம்மா, இது நீங்களா?"

அம்மா கிட்ட வந்து பார்த்தார், மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்தினார்.

"நானெண்டா வாசல்ல, ஊர் பாக்கக் கட்டியிரிப்பன். ஒளிச்சுக் கட்ட எனக்கென்ன வெக்கம்?" என்றார். பிறகு, என் தோளுக்கு மேலால் மாமரத்தடியைப் பார்த்து, "வெக்கப்படுற ஆளைப் போய்க் கேளு," என்றார்.

நான் திரும்பினேன். கணவர் ஏற்கனவே கழுவியிருந்த கையை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

இதை நம்புவதற்கு எனக்குச் சற்று நேரம் எடுத்தது. அவர் பள்ளிக்கூடத்து விஞ்ஞான தினத்தில் மூடநம்பிக்கை பற்றிப் பேசுகிறவர். அம்மா வாசலில் தேசிக்காய் வெட்டி வைத்தால் காலால் தாண்டிப்போய் "மாமி, இது கறிக்குப் போட்டிரிக்கலாம்" என்று பகிடி விடுகிறவர். நான் நேர்த்திக்குப் பாற்குடம் எடுத்த வருடம், வெயிலில் நடந்தால் தலையிடிதான் மிச்சம் என்று சொன்னவர்.

"எப்ப கட்டின நீங்க?"

"கார் வந்த உடன."

"ஆர் தந்தது?"

"கோயில் பூசாரியார்ட்டப் போனன்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முகப்பில நடுவில கட்டோணும், ஒருத்தரும் பாக்கக்கூடாது எண்டவர். உள்ளுக்குக் கையை விட்டுப் பாத்தன், நடுவில ஒரு கம்பி கிடந்துது. தோதா இருந்துது. முட்டைய வரியத்துக்கு ஒருக்கா மாத்தச் சொன்னவர். இந்த முறை மாத்தேக்க நூல் சரியா இறுகயில்ல போல."

மாற்றியிருக்கிறார்! ஒருமுறை அல்ல, ஒவ்வொரு வருடமும். நான் நித்திரையாய் இருந்தபோதோ கோயிலுக்குப் போனபோதோ, இந்தக் கணித ஆசிரியர், கார் மூடியைத் திறந்து, புது முட்டையும் கையுமாக நின்றிருக்கிறார். நாற்றம் வந்தபோது முட்டை உடைந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே மீன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறார். தன் மீனைத் தானே விட்டுக்கொடுத்து, நான் ஏசியதை வாங்கிக்கொண்டு, என்னைக் கூழ்முட்டை நாற்றத்தோடு வேலைக்கு அனுப்பியிருக்கிறார்.

"சொல்லியிரிக்கலாமே."

"சொன்னா நீ சிரிப்பாய்."

"நான் சிரிக்கிற ஆளா? சிரிக்கிற ஆள் நீங்க."

"நீ அந்த மெசின் பெட்டிக்குள்ள போனதுக்குப் பொறகு," என்று தொடங்கினார், தண்ணீர்க் குழாயை மூடினார், "நீ வந்து சேரும் வரைக்கும் எனக்கு வகுப்பில ஒண்டும் ஓடாது. பலகையில எழுதிப்போட்டு மணியப் பாத்துக்கொண்டு நிப்பன்."

அந்த இடத்தில் என் மனம் இளகியது, உண்மையைச் சொன்னால். இன்னொரு கேள்வி கேட்காமல் விட்டிருந்தால் அன்று மத்தியானம் மீன் வாங்கச் சொல்லிக் காசு கொடுத்திருப்பேன். ஆனால் என் வாய் சும்மா இருக்காது. அவர் நாள்தோறும் வாவிப் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் போய்வருகிறவர். மாடும் மெசினும் நாயும் அந்தத் தெருவிலும் உண்டு.

"உங்கட மோட்டச் சைக்கிள்ல என்ன கட்டியிரிக்கிறீங்க?"

"ஒண்டுமில்ல."

"ஏன்?"

"அதை நான்தானே ஓடுறன்," என்றார்.

வேண்டுமென்று சொல்லவில்லை. கேள்விக்குச் சரியான விடை தெரிந்த மாணவன் சொல்வது போலச் சொன்னார். சொன்ன பிறகுதான் அது என்ன சொல் என்று அவருக்கே கேட்டது. நான் தட்டிலிருந்ததை வாழைக்கு அடியில் கொட்டி மண் போட்டு மூடினேன். செப்புத்தகட்டை மட்டும் கழுவி அவருடைய சட்டைப் பையில் போட்டேன். அங்கே என் சாவி இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

இத்தனை வருடம் அவர் ஊரெல்லாம் "இவ என்னை விட நல்லா ஓடுவா" என்று சொல்லித் திரிந்தார். கலியாண வீடுகளில், ஆட்கள் கேட்கும்போது, பெருமையாக. நானும் நம்பி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அதை நினைக்க நினைக்கப் புழுவை விட அது அருவருப்பாக இருந்தது.

மிச்ச வேலையை நான் தனியாகவே செய்தேன். கருவியைத் தாங்கியோடு பிடித்திருக்கும் திருகாணிகளில் சில அதன் பார்வையைத் திருப்புகிறவை. அவற்றைத் தொட்டால் அது தெருவைப் பார்க்காமல் வானத்தையோ வாய்க்காலையோ பார்க்கத் தொடங்கும். ஆகவே அவற்றில் கை வைக்கவில்லை. தாங்கியோடு இருக்கவிட்டே, மின் தொடுப்பின் பூட்டை அமுக்கிக் கழற்றினேன். முட்டை வடிந்து உள்ளே போயிருந்தது. ஊசிகளில் பச்சைப் பூஞ்சணம் போலக் களிம்பு. ஸ்பிரே அடித்து, பல்தூரிகையால் தேய்த்து, துடைத்து, மறுபடி அடித்தேன். கருவியின் முகத்தை மென்துணியால் கீறாமல் துடைத்தேன். எறும்புகளை ஊதிக் கலைத்தேன், அவை என் கையில் ஏறிக் கடித்தன. சின்னத்தின் உட்பக்கம் ஒரு விரல் தடிப்பில் மஞ்சளாய் ஒட்டியிருந்ததைச் சுரண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இவர் என்னைக் காப்பாற்றக் கட்டியது, என்னைக் காப்பாற்றக் காரில் இருந்த ஒரே பொருளைக் கெடுத்துவிட்டதே என்று நினைத்தேன். சிரிப்பு வரவில்லை.

பம்பரைப் பூட்ட ஆள் தேவைப்பட்டது. கூப்பிடாமலே வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். உடைந்த கிளிப்புகளுக்குப் பதில் கம்பிப் பட்டிகளால் கட்டினோம். மின்கலத்தைத் தொடுத்து, காரை உயிர்ப்பித்தேன். மஞ்சள் விளக்கு எரிந்தபடியே இருந்தது.

"கொஞ்சம் ஓடினாத்தான் அணையும்," என்றேன். காணொளியில் அப்படித்தான் இருந்தது. அணையாவிட்டால் நாளை பஸ். நாளை மறுநாளும் பஸ்.

வெயில் சாய்ந்த பிறகு காரைப் பெருந்தெருவில் ஏற்றினேன். அவர் பக்கத்து ஆசனத்தில் ஏறினார். நான் வரச் சொல்லவில்லை. குருக்கள்மடம் தாண்டியும் விளக்கு எரிந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு போனோம். கிரான்குளத்துக்குக் கிட்ட, ஒரு சத்தமும் இல்லாமல், அது அணைந்தது. முன்னால் போன பஸ்ஸைக் கண்டு மீற்றர்த் தட்டில் சின்ன வாகனப் படம் ஒன்று தோன்றியது. கருவி பார்க்கிறது என்று அதற்கு அர்த்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை அவர் காணாதபடி மறுபக்கம் பார்த்தேன்.

"இது மட்டும் காணாது," என்றார் அவர். "சத்தம் போடுதா எண்டு பாக்கோணும். பஸ்ஸுக்குக் கிட்டப் போ."

நெருங்கினேன். என் கால் தானாகவே பிரேக்கில் போய்விட்டது. சத்தம் வரவில்லை.

"ஏன் இவ்வளவு தூரத்திலயே பிரேக் அடிக்கிறாய்? இன்னும் கிட்டப் போ."

மறுபடி நெருங்கினேன். மறுபடியும் கால் முந்திக்கொண்டது. அவர் சினந்து முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தார். வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. பஸ் தரிப்பில் ஒதுங்கியது. அதற்கு முன்னால், அந்தி வெளிச்சத்தில், வைக்கோல் ஏற்றிய ஒரு மெசின் பெட்டி ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் வெளிச்சம் இல்லை.

"அந்தா, அது மெதுவாப் போகுது. அதுக்குக் கிட்டப் போ," என்றார். "பயப்பிடாத."

நான் ஓரத்தில் நிறுத்தினேன்.

"இறங்குங்க."

"என்ன?"

"இறங்குங்க. பஸ் வரும். உள்ளுக்குப் போங்க எண்டு தள்ளுவாங்கள், தள்ள விடுங்க."

என் முகத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். எதற்குக் கிட்டப் போகச் சொன்னார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இறங்கிக் கதவை மெல்லச் சாத்தினார்.

கல்லடிப் பாலம் வரை தனியே ஓடினேன். ஆரையம்பதியில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் ஒழுங்கையிலிருந்து பார்க்காமல் குறுக்கே வந்தான். கருவியின் சத்தமும் என் காலும் ஒன்றாய்ப் பாய்ந்தன. எது முந்தியது என்று எனக்குத் தெரியாது. கருவி வேலை செய்கிறது, என் காலும் வேலை செய்கிறது, எனக்கு அது போதும். பாலத்தடியில் நிறுத்தி, மேசையில் தலையை வைப்பது போல ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கொஞ்சநேரம் இருந்தேன். அழுதேனா என்று கேட்டால், கோபத்தில் அழுதேன். பிறகு காரைத் திருப்பினேன்.

அவர் இன்னும் அதே இடத்தில் நின்றார். விடுமுறை நாளில் பஸ் குறைவு. இரண்டு பஸ் நிரம்பி வழிந்து நிற்காமல் போனதாம். சட்டை முழுக்கத் தூசி. கைகளில் காலையில் பட்ட சிராய்ப்பு. விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் தாண்டிப் போய் நிறுத்தினேன். ஓடி வந்து முன்கதவில் கை வைத்தார். கண்ணாடியை இறக்கினேன்.

"பின்னுக்கு ஏறுங்க."

ஏறினார். ஆசனப் பட்டியைப் போட்டுக்கொண்டார்.

"சத்தம் போட்டுதா?" என்று கேட்டார்.

நான் காரை எடுத்தேன். என் பக்கத்தில் இருக்கும் நாட்களில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு, மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வருகிற மனிதர். பின்னால் மிதிக்க ஒன்றும் இல்லை, தெருவைப் பார்க்கவும் விடாமல் என் ஆசனம் மறைத்தது. குருக்கள்மடம் வருமுன் குறட்டைச் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். வாய் ஆவென்று திறந்தபடி, தலை யன்னலில் சாய்ந்து, எச்சில் கடைவாயில் மினுங்க நித்திரை. சீ என்று இருந்தது. நான் ஓடும் காரில் அவர் நித்திரை கொண்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் சந்திக்குக் கிட்ட, தெருவின் நடுவில் ஒரு பசுமாடு நின்றது. தூரத்திலேயே கண்டேன், மெல்ல மெல்லக் காலை வைத்து, ஒரு குலுக்கம் இல்லாமல் நிறுத்தினேன். கருவி சத்தம் போடவில்லை. அவரும் விழிக்கவில்லை. மாடு போகும் வரை நான் ஹோர்ன் அடிக்காமல் காத்திருந்தேன்.